கரையை ஒட்டிய இடம்

எங்கள் குடும்பத்தில் கோடைக்கு எங்கே கூடாரம் அடிப்பது என்று தீர்மானிப்பவள் நான். யாரும் என்னிடம் ஒப்படைத்த வேலை இல்லை. நானாக எடுத்துக்கொண்டேன், பிறகு ஒருவருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. அண்ணா வான் ஓட்டுவார். மச்சாள் இறைச்சிக்குத் தூள் பிரட்டி, பழைய ஐஸ்கிரீம் பெட்டிகளில் போட்டு உறைய வைப்பார். பிள்ளைகள் யார் எந்தக் கூடாரத்தில் படுப்பது என்று ஒரு கிழமைக்கு முன்னரே சண்டையைத் தொடங்கிவிடுவார்கள். இடம் மட்டும் என் கையில். அந்த அதிகாரத்தை வைத்துக்கொண்டு நான் செய்த காரியம் ஒன்றைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். அதில் பாதி மச்சாளுக்குத் தெரியும். மீதி, இதை வாசிக்கிறவர்களுக்குத்தான் முதலில் தெரியப்போகிறது.

ரொறன்ரோவிலிருந்து 400ஆம் நெடுஞ்சாலையில் வடக்கே ஏறினால் பேரி வரைக்கும் வயலும் கடைத்தொகுதியும்தான். பாரி சவுண்ட் தாண்டிச் சற்றுத் தூரத்தில் சாலையின் இலக்கம் 69 என்று மாறும். அதற்கு முன்னரே நிலத்தின் முகம் மாறிவிடும். வீதிக்காக வெடிவைத்துப் பிளந்த பாறைகள் இரண்டு பக்கமும் இளஞ்சிவப்பும் சாம்பலுமாக நிற்கும். அவற்றின் இடுக்கில் மண் இருக்கிறதோ இல்லையோ, ஒரு பைன் மரம் இருக்கும். பனிப்பாறைகள் சுரண்டிவிட்டுப் போன பள்ளங்களில் எல்லாம் தண்ணீர். ஒன்ராறியோ மாகாணத்தில் இரண்டரை இலட்சம் ஏரிகள் என்று அரசாங்கமே கணக்குச் சொல்கிறது. வற்றாத ஆறே இல்லாத யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவளுக்கு அந்தக் கணக்கைக் கேட்டாலே மயக்கம் வரும்.

இத்தனை ஏரி உள்ள இடத்தில் கரைக்கு என்ன பஞ்சம் என்று கேட்பீர்கள். பஞ்சம்தான். வாகனத்தை நேரே கொண்டுபோய் நிறுத்தி, பக்கத்தில் கூடாரம் அடித்து, குடிதண்ணீர்க் குழாயும் வோஷ்ரூமும் நடக்கிற தூரத்தில் இருக்க வேண்டும் என்றால், மாகாணப் பூங்காக்களில் உள்ள முகாம் திடல்கள்தான் வழி. அங்கேயும் பெரும்பாலான இடங்கள் காட்டுக்குள், உள்வீதிகளின் ஓரமாக இருக்கும். தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருப்பவை கொஞ்சம். ஓகஸ்ட் முதல் திங்களோடு ஒட்டிவரும் நீண்ட வார இறுதிக்கு அந்தக் கொஞ்ச இடத்துக்கு நடக்கும் அடிபிடி சாதாரணமானதல்ல.

முறை இதுதான். நீங்கள் போய் இறங்கும் நாளுக்குச் சரியாக ஐந்து மாதம் முன்னர், காலை ஏழு மணிக்கு, அந்த நாளுக்கான பதிவு திறக்கும். ஓகஸ்ட் முதலாம் திகதி போக வேண்டும் என்றால் மார்ச் முதலாம் திகதி விடிய எழும்பிக் கணினிக்கு முன் இருக்க வேண்டும். எல்லோருக்கும் ஒரே நேரம், ஒரே வரிசை. நியாயமான ஏற்பாடு.

அந்த வரிசையை எப்படித் தாண்டுவது என்று வேலைத்தளத்தில் ஒருவர் எனக்குச் சொல்லித்தந்தார். அந்த நாட்களில் ஒரு பதிவில் 23 இரவுகள் வரை எடுக்கலாம். ஜூலை நடுப்பகுதியில் தொடங்கி, ஓகஸ்ட் வார இறுதியையும் வளைத்து ஒரு நீளப் பதிவைப் போட்டுவிட்டால், மார்ச்சில் காத்திருப்பவர்களுக்கு முறை வரும் முன்னரே, பெப்ரவரியிலேயே, அந்த இடம் உங்களுடையது. பிறகு, வேண்டாத முன்பக்கத்து இரவுகளை வெட்டிவிடலாம். வெட்டுக்கூலி பெரிதாக ஒன்றும் இல்லை.

கேட்டதும் நான் கூச்சப்படவில்லை. சந்தோஷப்பட்டேன். வெளியே பனி தள்ளும் வண்டி உறுமிக்கொண்டு போகும் பெப்ரவரி விடியலில், சமையலறை மேசையில் தேத்தண்ணியோடு இருந்துகொண்டு, போகவே போகாத இரவுகளையெல்லாம் என் பேரில் பதிந்தேன். ஆசைப்பட்ட இரண்டு இடங்களையும் பிடித்து வைத்துவிட்டு, எதை விடுவது என்று ஆறுதலாக யோசித்ததும் உண்டு. சட்டத்தை மீறவில்லையே, விதியில் இருக்கும் ஓட்டையைத்தானே பயன்படுத்துகிறேன் என்று எனக்கு நானே வக்கீலாக நின்றேன். மார்ச் முதலாம் திகதி காலை ஏழு மணிக்கு, சுட்டியில் விரலை வைத்துக்கொண்டு காத்திருந்த யாரோ ஒருவருக்கு முதல் நொடியிலேயே இடமில்லை என்று காட்டியிருக்கும். அவர் தன் வீட்டு இணைய வேகத்தைத் திட்டியிருப்பார்.

இதைத்தான் அண்ணா அறிவார். அவருக்கு இதில் கொஞ்சம் பெருமைகூட. "எங்கட தங்கச்சி விட மாட்டாள்" என்று கூட்டங்களில் சொல்வார். இனிச் சொல்வது அவர் அறியாதது.

அந்த வருடம் வீட்டில் எல்லோரும் கேட்டது கிறண்டி ஏரி. 69இலிருந்து திரும்பினால் வந்துவிடும். மணல் கரை. பூங்காவுக்குள் இருக்கும் ஏரிகளில் மோட்டார் படகு விட முடியாது. பிள்ளைகள் பயமில்லாமல் இறங்கலாம். மச்சாள் வாய்விட்டே கேட்டார். நான் தெரிந்தெடுத்தது கிலார்னி.

கிலார்னிக்கு இன்னும் தூரம். 69இலிருந்து 637ஆம் சாலையில் திரும்பி, கடை கண்ணி இல்லாமல் அறுபது கிலோமீற்றர் அளவில் மேற்கே ஓட வேண்டும். அந்தச் சாலை 1962இல்தான் ஊரைத் தொட்டது. அதுவரை கிலார்னி ஊருக்குத் தண்ணீர் வழியாகத்தான் போய்வந்தார்கள். மலைகள் வெள்ளைக் குவார்ட்சைட் பாறை. தூரத்திலிருந்து பார்த்தால் பனி பெய்தமாதிரி இருக்கும். 'குறூப் ஒஃப் செவன்' ஓவியர்கள் வந்து வரைந்த இடம். அவர்களில் ஒருவரான ஏ. வை. ஜாக்சன், ஒரு ஏரியைச் சுற்றியிருந்த மரங்களை வெட்டவிடாமல் 1930களில் அரசாங்கத்துக்கு எழுதிப் போராடினார். அந்த ஏரி இன்று ஒன்ராறியோ ஓவியர் சங்கத்தின் முதலெழுத்துகளைப் பெயராக வைத்துக்கொண்டிருக்கிறது. இவற்றையெல்லாம் வீட்டில் எடுத்துச் சொல்லித்தான் கிலார்னிக்குச் சம்மதம் வாங்கினேன்.

சொல்லாத காரணம் வேறு. கிறண்டியில் எங்கள் ஆட்கள் நிறைய. பக்கத்து இடத்தில் ஸ்பீக்கரில் பாட்டுப் போகும், றோல்ஸ் பொரியும், "நீங்கள் ஊரில எவடம்?" என்று தொடங்கி, அரை மணி நேரத்தில் ஏதோ ஒரு வழியில் சொந்தம் ஆகிவிடுவார்கள். அதிலிருந்து தப்பி, தமிழ் வாசனையில்லாத ஒரு கரையில், காடு தெரிந்தவள் மாதிரி இருந்து பார்க்க ஆசைப்பட்டேன். எங்கள் பெட்டிகளுக்குள்ளும் அதே றோல்ஸ்தான் இருந்தது என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

கிலார்னியில் வாகனம் போகக்கூடிய முகாம் திடல் ஒன்றுதான், ஜோர்ஜ் ஏரியில். வரைபடத்தைத் திறந்து வைத்துக்கொண்டு கரையோர இடங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். இந்த விஷயத்தில் நான் விளக்கமில்லாதவள் இல்லை. ஆழமில்லாத புல் முளைத்த குடாவை ஒட்டிய இடம் படத்தில் அழகாக இருக்கும், போய்ப் பார்த்தால் நுளம்பும் அட்டையும். காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து வரும், ஆகவே மேற்கைப் பார்த்த கரையில் பூச்சி குறைவு, சூரியன் இறங்குவதும் தெரியும், ஆனால் அடுப்புப் புகை நேரே கூடாரத்துக்குள் போகும். பாறை நிலத்தில் முளை இறங்காது, கயிற்றைக் கல்லில்தான் கட்ட வேண்டும். மே நடுவிலிருந்து ஜூன் முடியும் வரை கருவண்டுபோல் ஒரு சின்ன ஈ கடித்து இரத்தம் எடுக்கும், அந்த மாதங்களில் வடக்கே போவதே பிழை. உள்ளிடங்களில் எது வோஷ்ரூமுக்குக் கிட்ட, எது தட்டையான நிலம், எதற்கு நிழல் அதிகம் என்பதெல்லாம் அந்தப் பக்கத்திலேயே போட்டிருக்கும். எல்லாவற்றையும் பார்த்தேன். வோஷ்ரூம் அடையாளத்தையும் பார்த்தேன். நான் தெரிந்தெடுத்த இடத்துக்கும் அதற்கும் இடையில் ஒரு மேடு இருந்தது. வரைபடத்தில் மேடு தெரியாது என்று சொல்லித் தப்பலாம். ஆனால் போன வருடம் அங்கே போய்வந்த ஒரு சிநேகிதி மேட்டைப் பற்றிச் சொல்லியிருந்தாள்.

அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. இரண்டு முழங்காலிலும் தேய்மானம். மாடிப்படி இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒரு படியில் இரண்டு காலும் வைத்துத்தான் இறங்குவார். புறப்பட முதல் என்னிடம் ஒரு கேள்விதான் கேட்டார்.

"பிள்ளை, அது கிட்டவோ?"

எது என்று நான் கேட்கவில்லை.

"கிட்டத்தான் அம்மா. இஞ்ச எங்கட மெயின் ரோட்டுக்குப் போற தூரமும் வராது."

தூரம் பொய் இல்லை. பாதையைப் பற்றித்தான் வாய் திறக்கவில்லை. பைன் வேர்கள் குறுக்கே புடைத்துக்கொண்டு கிடக்கும், மழைக்கு வழுக்கும் பாறை, இரவில் விளக்கில்லை, மேலே ஏறி மறுபக்கம் இறங்க வேண்டும். கொஞ்சம் கிட்ட ஒரு குழிக் கக்கூஸ் இருந்தது. அதன் உயரமான இருக்கையில் ஏறி இருந்து எழும்ப அம்மாவால் முடியாது.

போய் இறங்கினோம். இடம் நான் எதிர்பார்த்ததைவிட அழகு. தட்டைப்பாறை ஒன்று சரிவாகத் தண்ணீருக்குள் இறங்கியது. தண்ணீர் அவ்வளவு தெளிவு. அண்ணா இடுப்பளவில் நின்றுகொண்டு கீழே குனிந்து தன் கால் விரலை எண்ணிக்காட்டினார். பாராட்டெல்லாம் எனக்கு வந்தது. சாயந்தரம் மடிப்புக் கதிரையில் அம்மாவைக் கரையில் இருத்தி, கம்பளியைப் போர்த்தி, பின்னால் மலை வருகிற மாதிரி ஒரு படம் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டேன். லண்டனிலிருந்து சித்தி, பாரிசிலிருந்து பெரியம்மாவின் பிள்ளைகள், எல்லோரும் இதயம் இதயமாகப் போட்டார்கள். "அம்மா குடுத்து வைச்சவா" என்று ஒருவர் எழுதினார். அதை நான் அம்மாவுக்கு வாசித்துக்காட்டினேன். சிரித்தார்.

அந்தப் படத்தில் அம்மாவின் கையில் ஒரு தேத்தண்ணிக் கோப்பை இருக்கிறது. சிவப்பு எனாமல் கோப்பை, காம்பிங்குக்கென்று வாங்கினது. படம் எடுத்து முடிந்து நான் விறகு அடுக்கப் போய்விட்டேன் என்று அம்மா நினைத்தார். நான் கூடாரத்துக்குப் பின்னால் நின்றேன். அம்மா கோப்பையை வாய்க்குக் கொண்டுபோனார், உதட்டை நனைத்தார். மச்சாள் இருந்த பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு கதிரையிலிருந்து பக்கவாட்டில் சரிந்து, பாறை இடுக்கில் முளைத்திருந்த புளூபெரிச் செடியின் அடியில் தேத்தண்ணியை மெதுவாக, சத்தம் வராமல் ஊற்றினார். ஈரம் தெரிந்த இடத்தைச் செருப்பு நுனியால் சருகு தள்ளி மூடினார். வெறும் கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு ஏரியைப் பார்த்தார்.

எனக்கு உடனே விளங்கியது. இதை நான் முன்னரே பார்த்திருக்கிறேன். 1995 ஒக்ரோபர் 30 இரவு, போருக்குத் தப்பி, யாழ்ப்பாணத்தின் வலிகாமம் முழுதும் எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தபோது நாங்களும் நடந்தோம். கொஞ்ச நாள் ஒரு பள்ளிக்கூடத்தில் கிடந்தோம். ஒரு வகுப்பறைக்குள் எத்தனையோ குடும்பம், பெண்களுக்கு ஒதுங்க வெளிச்சமும் இல்லை, மறைப்பும் இல்லை. அம்மா மத்தியானத்துக்குப் பிறகு தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவார். கேட்டால் தாகமில்லை என்பார். சித்தியும் அப்படித்தான். எனக்கும் அதையே பழக்கினார்கள். ஆகவே அந்தத் தேத்தண்ணி ஏன் செடிக்குப் போனது என்று யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

முதலில் வந்தது இரக்கம் என்று எழுத ஆசைதான். வந்தது எரிச்சல். இவ்வளவு பாடுபட்டு இடம் பிடித்துக் கொண்டுவந்து இருத்தியிருக்கிறேன், இந்த மனுசி இதையும் கெடுக்கப் பார்க்கிறதே என்ற எரிச்சல். அடுத்து வந்தது கணக்கு. நான் கண்டுகொண்டேன் என்று காட்டினால் ஏதாவது செய்தாக வேண்டும். இடம் மாற வேண்டும். மாறினால் என் தெரிவு பிழை என்று ஆகிவிடும். காணாத மாதிரி விறகுக்கட்டைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்கு வந்தேன்.

இரவு படுக்கும்போது கடமைக்குச் சொன்னேன். "அம்மா, வோஷ்ரூம் போகோணுமெண்டால் என்னை எழுப்புங்கோ. நான் கூட்டிக்கொண்டு போறன்."

"ஓம் பிள்ளை."

எழுப்ப மாட்டார் என்று தெரிந்துதான் சொன்னேன். எழுப்பவில்லை. லூன் என்று ஒரு நீர்ப்பறவை, கனடாவின் ஒரு டொலர் குற்றியில் இருக்கிறதே அதுதான், நடுச்சாமத்தில் ஏரிக்கு நடுவிலிருந்து அழுகிற மாதிரிக் கத்தும். நான் விழித்துக்கொண்டு அதைக் கேட்டுக்கொண்டு கிடந்தேன். பக்கத்தில் அம்மாவும் விழித்துத்தான் கிடந்தார். மூச்சில் தெரியும். இரண்டு பேரும் நித்திரை மாதிரிக் கிடந்தோம்.

அடுத்த நாள் மச்சாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். பெரிய கதை ஒன்றும் பேசவில்லை.

"மச்சாள், மாமிக்கு இந்த ஏத்தம் கஷ்டமாக் கிடக்குது போல. ஒஃபிசில கேட்டு அந்தப் பக்கம் ஒரு இடம் மாத்தி எடுப்பமே?"

"கேட்டுப் பாத்தன். எல்லாம் ஃபுல்லாம். லோங் வீக்கெண்ட் எல்லே."

கேட்கவில்லை. ஒஃபிஸ் பக்கமே போகவில்லை. ஃபுல்லாகத்தான் இருந்திருக்கும், அது வேறு. ஆனால் வோஷ்ரூமுக்கு நேர் எதிரே ஒரு வயதான சோடி சின்ன டிரெய்லரோடு இருந்தார்கள். நான் பல் விளக்கப் போகும்போதெல்லாம் கை காட்டுவார்கள். கரையோர இடம் கிடைக்கவில்லை, பெப்ரவரியிலேயே யாரோ பிடித்துவிட்டார்கள் என்று அந்த மனுசி என்னிடம் சொல்லியும் இருந்தார். என்னுடையதைத் தருகிறேன், மாற்றிக்கொள்வோமா என்று கேட்டிருந்தால், ஒஃபிசுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அந்த மணித்தியாலமே சாமான் கட்டியிருப்பார்கள். கேட்பதற்கு ஒரு நிமிடம் போதும். நான் அந்த மனுசிக்கு "அடுத்த வருஷம் கிடைக்கும்" என்று ஆறுதல் சொல்லிவிட்டு வந்தேன்.

மச்சாளுக்கு நான் பொய் சொன்னது தெரியும் என்றுதான் நினைக்கிறேன். காலையிலிருந்து என்னோடுதான் நின்றவர், நான் எப்போது ஒஃபிசுக்குப் போனேன் என்று கேட்கவில்லை. அதற்குப் பிறகு பகலில் மணிக்கொரு தரம் அம்மாவைக் கைபிடித்து மேட்டைத் தாண்டி அவர்தான் கூட்டிக்கொண்டு போய்வந்தார். நான் கயாக்கில் போனேன். படங்கள் எடுத்தேன்.

வீட்டுக்குத் திரும்பி இரண்டாம் நாள் அம்மாவுக்குக் காய்ச்சல், சலக்கடுப்பு. குடும்ப வைத்தியர் தமிழர். சலத்தைச் சோதித்துவிட்டு அன்டிபயோட்டிக் எழுதினார். தண்ணீர் போதாமல் போனால் இந்த வயதில் இது சுலபமாக வரும் என்று சொல்லி, "அம்மா, தண்ணி ஒழுங்காக் குடிக்கிறேல்லையோ?" என்று கேட்டார்.

"வெளிக்கிட்டுத் திரிஞ்சதில மறந்துபோனன் டொக்டர்" என்றார் அம்மா. என் பக்கம் திரும்பவில்லை.

நான் சும்மா இருந்திருக்கலாம். "அவவுக்குத் தண்ணி குடிக்கிற பழக்கமே இல்லை டொக்டர், சொல்லிச் சொல்லி அலுத்துப்போச்சு" என்றேன். அம்மா என்னைக் காப்பாற்றச் சொன்ன பொய்யின் மேல் ஏறி நின்று அம்மாவையே குற்றவாளியாக்கினேன். மருந்து எடுத்தார், சுகமாகிவிட்டது. பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. இதை எழுதத் தூண்டியது அந்த ஒரு வசனம்தான். இடத்தெரிவைக்கூட மன்னிக்கலாம் என்று தோன்றுகிறது.

அந்தத் தண்ணீரின் தெளிவைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஏனென்றால் ஊர் முழுக்க அதைச் சொல்லித் திரிந்தேன், தூய்மையான காடு, தூய்மையான நீர் என்று. பிறகுதான் காரணம் வாசித்தேன். 1960களின் கடைசியில் ரொறன்ரோ பல்கலைக்கழகத்து ஹரோல்ட் ஹார்வியும் ரிச்சர்ட் பீமிஷும் இந்த மலைகளுக்கு நடுவே உள்ள ஏரிகளில் மீன் ஆராயப் போனார்கள். மீன் இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. வடகிழக்கே சட்பரியில் நிக்கலும் செம்பும் உருக்கும் ஆலைகளிலிருந்து போன கந்தகப் புகை, மழையோடும் பனியோடும் அமிலமாக இறங்கியிருந்தது. வெள்ளைப் பாறையில் அந்த அமிலத்தை முறிக்கச் சுண்ணாம்பு இல்லை. அமிலம் ஏற ஏற நீரில் உயிர் குறையும், நீருக்கு மங்கல் நிறம் தரும் கரிமப் பொருட்களும் குறையும், அடிவரைக்கும் கண்ணாடி மாதிரித் தெரியும். 1972இல் 381 மீற்றர் உயரத்துக்கு ஒரு புகைபோக்கி கட்டினார்கள். அது புகையை இன்னும் தூரத்துக்கு அனுப்பியது. பின்னாளில் கந்தகத்தையே வெகுவாகக் குறைத்த பிறகுதான் ஏரிகள் பலவும் தேறத் தொடங்கின. மீன்கூடச் சில ஏரிகளுக்குத் திரும்பியிருக்கிறது. இதை என் கதைக்கு உவமையாக்கிக்கொள்ளக் கை துறுதுறுக்கிறது. வேண்டாம். ஏரி ஒரு பிழையும் செய்யவில்லை.

பதிவில் செய்த தில்லுமுல்லை நிறுத்திவிட்டேன். மனம் திருந்தி நிறுத்தவில்லை, விதி திருந்தியதால் நிறுத்தினேன். என்னைப் போன்றவர்கள் பெருகிவிட்டதால், ஒரு இடத்தை எவ்வளவு காலம் பிடித்து வைத்திருந்து கைவிடுகிறோமோ அவ்வளவுக்குத் திரும்பும் பணம் குறையும்படி செய்தார்கள். அல்கொன்குவின், கில்பேர், சாண்ட்பாங்க்ஸ், பொன் எக்கோ, பினறி ஆகிய நெரிசல் மிகுந்த பூங்காக்களில் கோடையில் ஒரே பதிவில் எடுக்கக்கூடிய இரவுகளையும் குறைத்தார்கள். அந்த அறிவிப்பை வாசித்தபோது நியாயம்தானே என்று எனக்குத் தோன்றவில்லை. இனி எப்படி என்றுதான் தோன்றியது.

இப்போது வரைபடத்தைத் திறந்தால் முதலில் வோஷ்ரூம் அடையாளத்தைத் தேடி, அங்கிருந்து வெளியே எண்ணிக்கொண்டு வருகிறேன். சந்தோஷமாகச் செய்கிறேன் என்று சொல்ல மாட்டேன். அந்த இடங்களில் இரவெல்லாம் கதவு அடிபடும், விளக்கு கூடாரத் துணியில் விழும், செருப்புச் சத்தம், கை உலர்த்தும் இயந்திரத்தின் உறுமல். ஏரி எங்கோ மரங்களுக்கு அப்பால் மினுங்கும். ஒவ்வொரு முறையும் மனம் முணுமுணுக்கத்தான் செய்கிறது.

ஆனால் இந்தப் பழக்கம் கிலார்னியிலிருந்து வந்த கையோடு தொடங்கியது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அதற்கு அடுத்த கோடையில் கிறண்டிக்குப் போனோம். எல்லோரும் கேட்ட இடம் என்பதால் விட்டுக்கொடுத்தவள் நான்தான் என்று பெயரும் எடுத்துக்கொண்டேன். போய்ப் பார்த்தால் அதுவும் கரையை ஒட்டிய இடம். அந்த முறையும் பெப்ரவரியில் பிடித்ததுதான்.

வானிலிருந்து சாமான் இறக்கும்போது மச்சாள் ஒரு நீல வாளியை இறக்கினார். மூடி போட்டது, மேலே பொருத்துகிற இருக்கையோடு. கனேடியன் டயரில் காம்பிங் சாமான்களோடு விற்பார்கள், ஒரு நேர பீட்சாவுக்குச் செலவழிக்கிற காசு. கூடவே பைக்கட்டு ஒன்று, அம்மாவின் பழைய பருத்திச் சேலை ஒன்று, கொடிக்கயிறு. என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. அம்மாவின் கூடாரத்துக்குப் பின்னால் இரண்டு மரத்துக்கு நடுவே கயிறு கட்டி, சேலையை இரட்டையாக மடித்துத் தொங்கவிட்டு, வாளியை உள்ளே வைத்தார். ஆடாமல் இருக்கிறதா என்று தானே ஒருமுறை இருந்து பார்த்தார். அம்மா தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டு நின்றார். அன்று பின்னேரம் இரண்டு கோப்பை தேத்தண்ணி குடித்தார், மூன்றாவதையும் கேட்டார்.

அந்தச் சேலையைக் கண்டதும் என் வாயில் முதலில் வந்தது இதுதான்: "மச்சாள், இது ஏரிப் பக்கம் பாக்கேக்க அப்பிடியே தெரியுதே. படத்தில விழாதே?"

மச்சாள் முடிச்சை இறுக்கிக்கொண்டே சொன்னார். "விழும்தான். நீங்கள் அந்தப் பக்கம் திரும்பி நிண்டு எடுங்கோ."